லாக் புத்தகம் தந்த நான்கு இலக்கம்

பள்ளி ஆய்வகத்து மேஜையில் ஓர் உலோக உருளை. வெர்னியர் காலிப்பரில் வைத்துப் பார்த்தால் விட்டம் 1.26 செ.மீ., நீளம் 5.18 செ.மீ. கன அளவு எவ்வளவு? பிளஸ் ஒன் படிக்கும் பேரன் கால்குலேட்டரைத் தட்டி ரெக்கார்டு நோட்டில் 6.458932283 கன செ.மீ. என்று எழுதுகிறான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவன் தாத்தா இதே உருளையை அளந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய விடை 6.457. எது துல்லியம் என்று வீட்டில் கேட்டால் எல்லோரும் பேரன் பக்கம்தான். பத்து இலக்கம் இருக்கிறதே!

பேரன் எழுதிய கடைசி 3-ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் மூன்று பங்கு. ஒரு பங்கு என்பது பக்கத்துக்கு 0.01 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம். அவன் கையில் இருந்த வெர்னியரின் மீச்சிற்றளவோ 0.1 மில்லிமீட்டர். அதற்குக் கீழே வெர்னியருக்குக் கண் தெரியாது. கருவி பார்க்காததைக் கால்குலேட்டர் எப்படிப் பார்த்தது? பார்க்கவே இல்லை. பெருக்கச் சொன்னார்கள், பெருக்கியது.

விட்டத்தில் 0.01 செ.மீ. முன்பின் இருக்கலாம். அது ஏறக்குறைய 0.8 சதவீதம். ஆரத்தை வர்க்கப்படுத்துவதால் பிழை இரட்டித்து 1.6 ஆகிவிடும். நீளத்தின் பங்கு 0.2. மொத்தம் 1.8 சதவீதம், அதாவது 0.12 கன செ.மீ. ஆக, உண்மையான கன அளவு 6.34-க்கும் 6.58-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பாடநூல் விதிப்படி 6.46 என்று எழுதலாம். அதிலும் கடைசி இலக்கம் சந்தேகக் கேஸ்தான். பேரனின் விடையில் ஏழு இலக்கம் வீண். தாத்தாவின் விடையில் ஒன்றுதான் வீண்.

தாத்தா பேரனைவிடக் கெட்டிக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் கையில் இருந்தது லாக் புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு நான்கு இலக்கத்துக்கு மேல் தெரியாது.

கிளார்க்ஸ் டேபிள்ஸ் என்ற அந்த ஒல்லிப் புத்தகம் இல்லாமல் அந்தக் காலத்தில் யாரும் இயற்பியல், வேதியியல் கணக்குப் போட்டதில்லை. மேலே சொன்ன உருளையையே எடுத்துக்கொள்வோம். π-இன் லாக் 0.4971. அடுத்தது ஆரம், 0.63. புத்தகத்தில் 63-ஆம் வரிசையில், 0 என்ற தலைப்பின் கீழ் 7993 என்று இருக்கும். அதற்கு முன்னால் என்ன போடுவது என்று புத்தகம் சொல்லாது. அதை மாணவர்தான் யோசிக்க வேண்டும். 0.63 ஒன்றைவிடச் சிறியது, புள்ளிக்குப் பின் உடனே இலக்கம் வந்துவிடுகிறது. ஆகவே ‘பார் ஒன்’. ஒன்றின் தலையில் ஒரு கோடு. வர்க்கம் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். பார் ஒன் பாயின்ட் 5986 என்று வரும். இந்த இடத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் பார் போட்ட பகுதி குறை எண், புள்ளிக்குப் பின்னால் உள்ளது மிகை எண். 5.18-இன் லாக் 0.7143. மூன்றையும் கூட்டினால் 0.8100. ஆன்டிலாக் பக்கத்தில் .81-க்கு நேரே 6457. புள்ளி எங்கே? முழு எண் பகுதி சுழி, எனவே முதல் இலக்கத்துக்குப் பின்னால். விடை 6.457.

இந்தச் சடங்குக்குள் இரண்டு பாடங்கள் ஒளிந்திருந்தன என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியாது. பார் ஒன் என்று போட்டபோது அவர்கள் செய்தது 0.63-ஐ 6.3 × 10⁻¹ என்று எழுதியதுதான். லாகின் முழு எண் பகுதியும் பத்தின் அடுக்கும் ஒன்றே. இன்று ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘அறிவியல் குறியீடு’ என்று தனித் தலைப்பில் நடத்தப்படுவது அன்று ஒவ்வொரு கணக்கிலும் தானாக நடந்துகொண்டிருந்தது. எண் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் லாக் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. இன்னொன்று, பின்னப் பகுதியில் நான்கு இலக்கம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகில் ‘முக்கிய எண்ணுருக்கள்’ என்று இன்று விதி விதியாக எழுதியிருப்பதை அன்று அச்சிட்ட பக்கமே திணித்தது. ஐந்தாவது இலக்கம் வேண்டுமென்று ஆசைப்பட்டாலும் கிடைக்காது.

ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் 1614-இல் லாக் என்கிற மடக்கையை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றி அட்டவணை போட்டார். பொறியாளர்களின் சட்டைப் பையில் இருந்த ஸ்லைடு ரூலும் அதே மடக்கைதான். அதில் மூன்று இலக்கம் படிக்கலாம், கண் கூர்மையாக இருந்தால் நான்கு. பாலங்களும் அணைகளும் விமானங்களும் மூன்று இலக்கத்தில்தான் கட்டப்பட்டன, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

லாக் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல மாட்டேன். அது தின்ற நேரம் கொஞ்சமா? ஒரு வரிசை தள்ளிப் படித்தால் கணக்கே போச்சு. அளப்பதற்குப் பதினைந்து நிமிடம், கூட்டிக் கழிப்பதற்கு ஒரு மணி நேரம். பழைய காலம் நேர்மையான காலம் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கமான g-இன் மதிப்பு, செ.மீ. கணக்கில், 980-ஐ ஒட்டி வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். “அண்ணே, போன பேட்ச்சுக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று லேப் அட்டெண்டரிடம் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதும் வித்தை அன்றும் இருந்தது. இன்றும் இருக்கிறது. அதில் மட்டும் தலைமுறை இடைவெளியே இல்லை.

தாத்தாவின் அப்பா காலத்துக்குப் போனால் அறிவியல் குறியீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. பன்னிரண்டு தம்படி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். மூன்று மணங்கு ஐந்து வீசை பன்னிரண்டு பலத்தைப் புள்ளி நகர்த்தி எழுத முடியுமா? ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு எண்ணால் பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும். அந்தக் கால மாணவர்களின் வாய்ப்பாடு கால், அரை, முக்கால், மா, காணி, முந்திரி என்று 320-இல் ஒரு பங்கு வரை போனதற்குக் காரணம் இதுதான். மனக்கணக்கில் அவர்கள் புலி. ஆனால் பத்தின் அடுக்கு என்பது பத்து பத்தாக ஏறும் அலகுகள் வந்த பிறகே சாமானியருக்குப் பழக்கமாகும்.

இந்தியாவில் அது 1957 ஏப்ரல் 1 அன்று காசில் தொடங்கியது. 1958 அக்டோபரில் எடைக்கும் வந்தது. காசு மாறியபோது நாடு முழுவதும் ஒரு முழுமைப்படுத்தல் வகுப்பே நடந்தது என்று சொல்லலாம். பதினாறு அணா நூறு நயா பைசா என்றால் ஓர் அணா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே மாற்று அட்டவணையில் ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. ஓரணாச் சாமான் நான்கைத் தனித்தனியே வாங்கினால் 24 பைசா. சேர்த்து வாங்கினால் 25. கணக்கின் நடுவில் முழுமைப்படுத்தாதே, கடைசியில் ஒரே தடவை முழுமைப்படுத்து என்று இன்றைய பாடநூல் சொல்லும் விதியை மளிகைக் கடையில் நின்றவர்கள் அன்று காசு கொடுத்துக் கற்றார்கள்.

1972-இல் ஹெச்பி-35 என்ற சட்டைப்பை அறிவியல் கால்குலேட்டர் வந்தது. சில ஆண்டுகளில் ஸ்லைடு ரூல் காணாமல் போனது. நம் ஊரில் கொஞ்சம் தாமதம். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்ததும் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதும் போக, பொறியியல் கல்லூரிகள் பெருகிய பிறகு கேஸியோ இல்லாத பை இல்லை என்றாயிற்று. பலனைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மணி நேரக் கூட்டல் கழித்தல் ஒரு நிமிடமாயிற்று. மிச்ச நேரத்தில் இன்னும் நான்கு தடவை அளக்கலாம், வரைபடம் போடலாம். அளக்கிறார்களா என்பது வேறு கதை.

கூடவே வந்த வினை, மேலே சொன்ன இரண்டு பாடமும் சத்தமில்லாமல் நழுவியது. அடுக்கைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. திரையில் 6.02E23 என்று வந்தால் விடைத்தாளிலும் அப்படியே 6.02E23. சில மாதிரிகளில் 23 சின்னதாக மேலே தெரியும். அதைப் பார்த்து 6.02²³ என்று எழுதிவைப்பவரும் உண்டு. ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கைக்கும் ஆறு சொச்சத்தை இருபத்து மூன்று தடவை பெருக்கிய எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குப் படவில்லை, ஏனென்றால் அந்த எண் எவ்வளவு பெரியது என்று அவர் யோசிக்க வேண்டிய கட்டம் வரவே இல்லை. கணினியும் சளைத்ததல்ல. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள், 0.30000000000000004 என்று பதில் வரும். அதையும் நம்பி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இலக்கங்களிலேயே பொல்லாதது சுழி. எவரெஸ்ட்டைக் கேளுங்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் வடக்கே வளர்ந்து வளர்ந்து இமயமலை வரை போனது. ராதாநாத் சிக்தார் கணக்கிட்ட அந்தச் சிகரத்தின் உயரத்தை 1856-இல் ஆண்ட்ரூ வா அறிவித்தார்: 29,002 அடி. பல இடங்களிலிருந்து எடுத்த அளவுகளின் சராசரி சரியாக 29,000 என்று வந்ததாகவும், அதை அப்படியே சொன்னால் யாரோ குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று உலகம் நினைத்துவிடும் என்று இரண்டு அடி சேர்த்ததாகவும் அளவைத் துறையில் வழிவழியாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, சிக்கல் உண்மையானது. 29,000 என்று எழுதினால் அந்த மூன்று சுழியும் அளந்து வந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா? பார்த்துச் சொல்ல வழியில்லை. 2.9 × 10⁴ என்று எழுதினால் இரண்டு இலக்கம்தான் தெரியும் என்று பொருள், 2.9000 × 10⁴ என்றால் ஐந்தும் அளந்தவை. அறிவியல் குறியீடு பெரிய எண்ணைச் சுருக்கி எழுதத்தான் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சுருக்குவது அதன் சின்ன வேலை. எது அளந்தது, எது நிரப்பியது என்று பிரித்துக் காட்டுவதுதான் பெரிய வேலை. 1955-இல் இந்திய அளவைத் துறை 8848 மீட்டர் என்றது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8848.86 என்று அறிவித்தன. வாவின் அளவு இதைவிட ஒன்பது மீட்டர்தான் குறைவு. கதைப்படி சேர்த்த இரண்டு அடி, அதாவது 0.6 மீட்டர், அந்தப் பிழைக்குள்ளேயே கரைந்துவிடும்.

சுழியின் விலை தெரிய வேண்டுமானால் நகைக்கடைக்கும் போகலாம். பழைய ஆசாரியின் சின்னத் தராசில் குன்றிமணிதான் எடைக்கல். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம். பிரிட்டிஷ் சவரன் காசின் எடை 7.988 கிராம். அதுவே நம் பேச்சில் ‘ஒரு பவுன் எட்டு கிராம்’ ஆயிற்று. ஓர் இலக்கத்துக்கு முழுமைப்படுத்தினால் எட்டு சரிதான். மூன்று இலக்கத்துக்குப் போனால் 7.99. இன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மின்னணுத் தராசு 8.000 என்று காட்டுகிறது. பில்லில் 8 என்று மட்டும் போட்டால் வாங்க வந்த அம்மா விடமாட்டார். “தம்பி, அந்த மூணு சைபரையும் சேர்த்து எழுதுப்பா” என்பார். புள்ளிக்குப் பின்னால் வரும் சுழிக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று ட்யூஷனில் முழிக்கும் அவர் மகனோ அதே கடையில்தான் பக்கத்தில் நிற்கிறான்.

நேரத்தை அளப்பதில்தான் இன்று ஏமாற்றம் அதிகம். ஊசல் இருபது அலைவுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 36.27 நொடி என்று செல்பேசியின் ஸ்டாப்வாட்ச் காட்டுகிறது. பழைய ஸ்டாப் கிளாக்கில் பத்தில் ஒரு பங்கு படித்தாலே பெரிது. இப்போது நூறில் ஒரு பங்கு. ஆனால் பொத்தானை அழுத்துவது அதே விரல். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுந்த 0.2 நொடி ஆகிவிடும். 36.27-இல் 7 என்பது அந்தக் கணத்தில் விரல் எப்படி அழுந்தியதோ அதைப் பொறுத்தது. ஊசலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருபது அலைவு எண்ணும் பழைய வழக்கம் இதனால்தான் இன்னும் செல்லும்: 0.2 நொடிப் பிழை இருபதாகப் பங்கிடப்பட்டு ஓர் அலைவுக்கு 0.01 ஆகிறது. அலைவு நேரம் 1.81 நொடி என்று எழுதலாம், 1.8135 என்று எழுதக் கூடாது. விரலை விலக்கிவிட்டால் நிலைமை வேறு. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொண்டால் செல்பேசியே உணர்விகளால் அளக்கும். ஒலியைக் கேட்டுத் தானே ஓடித் தானே நிற்கும் கடிகாரம் அதில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கும் கைக்கெட்டும் இப்படியொரு ஆய்வகம் எந்தத் தாத்தாவுக்கும் வாய்த்ததில்லை. அதைப் பயன்படுத்தாமல் விரலால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றுவிடுவது நம் தவறு.

கருவி காட்டினாலும் சில இலக்கங்களை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை விளையாட்டுத் துறை அடிபட்டுக் கற்றது. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சல். ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கியும் நூறில் ஒரு நொடி வரை சமம். ஆயிரத்தில் ஒரு நொடி வரை பார்த்து, 0.002 நொடி வித்தியாசத்தில் தங்கம் லார்சனுக்குப் போனது. அந்த நேரத்தில் நீச்சல் வீரர் கடக்கும் தூரம் 3 மில்லிமீட்டர் அளவு. நீச்சல் குளத்தின் தடங்கள் அத்தனை கச்சிதமாகக் கட்டப்படுவதில்லை. ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் சென்டிமீட்டர் கணக்கில் வித்தியாசம் இருக்கலாம். கடிகாரம் சரிதான், குளம் அந்த இலக்கத்துக்குத் தகுதியில்லை. அதன் பிறகு நீச்சலில் நூறில் ஒரு நொடியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ், லே க்ளோஸ், செக் மூவரும் 51.14 நொடி. மூவருக்கும் வெள்ளி.

காய்ச்சல் கணக்கும் இந்த ரகம்தான். 98.6 டிகிரி என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச் 1868-இல் ஏராளமான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து எடுத்த சராசரி 37 டிகிரி செல்சியஸ். இரண்டு இலக்கம். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 என்று மூன்று இலக்கமாயிற்று. அலகு மாற்றினால் புதிதாகத் துல்லியம் பிறக்காது. இங்கே பிறந்தது போல ஒரு தோற்றம் மட்டும் வந்தது. பாதரச வெப்பமானி இருந்தவரை கண்ணைச் சுருக்கி ‘நூறை ஒட்டி இருக்கு’ என்று சொல்லிவிடுவோம். இப்போது டிஜிட்டல் திரையில் 98.9 என்று வந்தாலே டாக்டருக்குப் போன் போகிறது.

இத்தனைக்கும் நடுவில் உண்மையான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது, அதைத்தான் பள்ளிகளில் போதுமான அளவு பேசுவதில்லை. கிலோகிராம் என்றால் என்ன? 2019 மே 20 வரை அது பாரிஸ் அருகே செவ்ரேயில் மூன்று கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57-ஆம் எண் நகல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன்தான் அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர். மூல உருளையையும் நகல்களையும் ஒப்பிட்டபோது நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் பிசகியிருந்தது. உருளை இளைத்ததா, நகல்கள் பெருத்தனவா என்று கேட்கவே முடியாது, ஏனென்றால் வரையறைப்படி அந்த உருளைதான் கிலோகிராம். இப்போது பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள்.

ஒளியின் வேகத்துக்கு இது 1983-லேயே நடந்தது. மைக்கேல்சன் 1926-இல் அளந்து சொன்னது நொடிக்கு 299,796 கிலோமீட்டர், முன்பின் 4. இன்று அது நொடிக்கு 299,792,458 மீட்டர், முன்பின் எதுவுமில்லை. ஏனென்றால் மீட்டரையே அதிலிருந்துதான் வரையறுக்கிறோம். அன்று வேகம் அளக்கப்பட்டது, மீட்டர் கொடுக்கப்பட்டது, இன்று தலைகீழ். ஒன்பது இலக்கமும் மெய்யாகவே முக்கியமான எண் ஒன்றை மாணவருக்குக் காட்ட வேண்டுமானால் இதைக் காட்டலாம். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு என்பதில் 12 எப்படி எண்ணி வந்ததோ, அளந்து வரவில்லையோ, அதுபோல இதிலும் பிழைக்கு இடமில்லை.

பள்ளிக்குத் திரும்புவோம். நீட் தேர்வில் கால்குலேட்டரும் கிடையாது, லாக் புத்தகமும் கிடையாது. எனவே கோச்சிங் வகுப்பில் g என்றால் 10, π² என்றால் 10. “0.00630-இல் எத்தனை முக்கிய எண்ணுருக்கள்?” என்று கேட்டால் கண் இமைக்குமுன் “மூணு சார்” என்று பதில் வரும், முன்னால் வரும் சுழி சேராது, பின்னால் வரும் சுழி சேரும் என்ற விதி அத்துப்படி. அதே மாணவர் மறுநாள் ஆய்வகத்தில் g-இன் மதிப்பை 9.782431066 என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே பாடம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முக்கிய எண்ணுருக்கள் ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும், திருகு அளவியின் ராட்செட் ‘கிளிக்’ என்று சத்தம் போட்ட பிறகு திருகுவதை நிறுத்தி, சுழிப் பிழை பார்த்து, இரண்டு இலக்கம்தான் எனக்குத் தெரியும் என்று எழுதத் தெரிய வேண்டியதில்லை.

இதில் மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கருவி செய்த காவலை இன்று யாரும் செய்யவில்லை. லாக் புத்தகம் போன நாளில் அந்தப் பொறுப்பு ஆசிரியரிடம் வந்திருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டுத் திருத்தும் நாம் விடை ‘கிட்டத்தட்ட’ வந்திருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டு நகர்ந்துவிடுகிறோம். விதியிலும் ஒரு குறை உண்டு; குறைந்த இலக்கம் உள்ள அளவீட்டைப் பார், விடையிலும் அத்தனை வை என்பது ஒரு தோராயமான கைவழக்கம் மட்டுமே. நம் உருளையில் மூன்று இலக்கம் என்று விதி சொன்னது, பிழையோ மூன்றாவதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. ± போட்டு எழுதும்போதுதான் அது வெளியே தெரியும்.

ஆகவே இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைக்கு நீங்களே மதிப்பெண் போடும் பள்ளித் தேர்வுகளில் விடைக்கு உள்ள மதிப்பெண்ணில் ஒன்றைப் பிரித்து ± குறிக்குப் பின்னால் வரும் எண்ணுக்குக் கொடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று மாணவர் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: மீச்சிற்றளவிலிருந்தா, ஐந்து தடவை அளந்ததில் கண்ட வித்தியாசத்திலிருந்தா, விரலின் தாமதத்திலிருந்தா. சொல்ல முடியாவிட்டால் அந்த மதிப்பெண் கிடையாது. கால்குலேட்டர் மேஜையிலேயே இருக்கட்டும்.